மேடத்தைச் சிரிக்க வைத்தது

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். பெண்கள் வார்டில் முப்பது பேர். பகலில் இரண்டு ஆயாக்கள். எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி சரியாக இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்திலிருந்து வார்டைச் சோதிக்க வருவார்கள். அன்றைக்கு மட்டும் பீரோவைத் திறந்து வெள்ளைப் போர்வைகளை எடுப்போம். எல்லாருக்கும் தலைவாரி, பவுடர் பூசி, ஆளுக்கு ஒரு துண்டுப் பூ வைப்பேன்.

"பொண்ணு பாக்க வராங்கோ. அடக்கமா குந்திகினு இருங்கடி" என்பேன். சிலர் நிஜமாகவே வெட்கப்படுவார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். நெமிலிச்சேரியில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அதைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு தரம் சுவர் ஏறிக் குதித்தாள். அதன் பிறகு, நாங்கள் சாப்பாடு எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் வலது காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. கிழிந்த நைலான் புடவையால் கட்டியவள் நான்தான். அவளுக்குச் சர்க்கரை வியாதி வேறு. நைலான் உரசிக் கணுக்காலில் புண் வந்தது. நர்ஸ் மருந்து தடவிவிட்டுப் போவார். அதன் மேலேயே மறுபடி கட்டுவேன்.

அந்த வருஷம் சோதனைக்கு ஒரு மேடம் வருவதாகச் சொன்னார்கள். பவுடர் பூசும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அந்த மேடத்துக்கு என் கால காட்டுவியா?"

"காட்டாம? உன் அழகே அதுல தான கீது."

"வெளாடாத. காட்டுவியா?"

"காட்டறேன்டி."

சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "அவங்க கேட்டா நான் பதில் சொல்றேன். நீங்க சும்மா நில்லுங்க" என்றார்.

மேடம் வந்தார். பாத்ரூமைப் பார்த்தார், மருந்து நோட்டைப் புரட்டினார். ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும் என்னைப் பார்த்தே கேட்டார்.

"ஏம்மா, இங்க யாரையாவது கட்டிப் போடுறீங்களா?"

போர்வையை விலக்கினால் போதும். ஒரு கை தூரம்தான்.

"எங்களத்தான் மேடம் கட்டிப் போட்டுகிறாங்கோ. இவுங்கோ ஜாலியா சுத்திகினு கீறாங்கோ."

மேடம் சிரித்துவிட்டார். சூப்பர்வைசரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். மேடம் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் பிறகு சொன்னேன். பயம் இருந்தது நிஜம்தான். ஆனால் பயப்படுவதற்கு முன்னாலேயே வாய் முந்திக்கொண்டது. பெரிய அதிகாரி ஒருவர் என் பேச்சுக்குச் சிரித்தது, அந்த நிமிஷம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

சாயங்காலம் போர்வைகளை உருவினேன். அவள் தலையிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

நைலானை விட்டுவிட்டுப் பருத்தித் துணியால் கட்டினேன். என்னால் ஆன தைரியம் அவ்வளவுதான். ஒரு மாசத்துக்குள் கால் கறுத்தது. வேனில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லீவு நாளில் நான்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து படுத்து, உட்கார இடம் கொடுத்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்லாத காலுதான் அரிக்குதுக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு அவளே சொன்னாள்.

"இனிமே செவுரு ஏற மாட்டேன். ஊட்டுக்கு அனுப்புவாங்களாக்கா?"

அவள் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் ஆரஞ்சை உரித்தேன். ஒன்றை முடித்து இன்னொன்றை எடுத்தேன்.