போர்டோடு வந்த தடை

இது போன வருடம் சித்திரை மாதத்தில், மரக்காணத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. உப்பளத்தை ஒட்டின வீடு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பாத்திகளும் உப்புக் குவியல்களும்தான் தெரியும். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால், ஊக்கு என்று எல்லாமே மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிப்போனதால்தான் அந்தத் தப்பைச் செய்தேனோ என்று இன்னமும் யோசிப்பேன்.

என் கணவரின் தங்கைக்கு அப்போது இருபது வயது. திண்டிவனத்தில் பி.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காக அவளுடைய அண்ணன் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் பின்பக்க அறையில், அதே ஜன்னலுக்குக் கீழே இருந்தது. வேறு எங்கும் சரியான பிளக் பாயின்ட் இல்லை. அதனால் அவள் இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஜன்னலைத் திறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் பழைய போர்வையால் கம்ப்யூட்டரை மூடிவிட வேண்டும். கல்லூரிக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு தடவை எனக்கு நினைவுபடுத்திவிட்டுத்தான் போவாள்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் கேம் விளையாடுவாள். ஐந்து பேர் ஒரு அணியாக எதிரணியைச் சுடுகிற விளையாட்டு. பொம்பளப் புள்ள துப்பாக்கியை வெச்சிக்கினு என்னா பண்ணப் போவுது என்று என் மாமியார் முணுமுணுப்பார். எனக்கும் ஆரம்பத்தில் அது ஏதோ வேண்டாத பழக்கமாகத்தான் பட்டது. ஆனால் அவளோடு விளையாடும் மற்ற நான்கு பெண்களின் குரலும் எனக்கு மெல்லப் பழகிவிட்டது. ஆளுக்கொரு ஊர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அணிகளுக்கான தேர்வுப் போட்டி வைத்திருந்தார்கள். ஒரு வருடமாக மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவளுக்கு முதல் தடவையாக அந்த ஐவரில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அந்த வெயிலில் முதுகு முழுக்க வேர்க்குரு. மதியம் அந்த அறையில்தான் தூங்குவாள். ஃபேன் காற்று அனலாக வந்தது. குழந்தை சொறிந்துகொண்டே அழுவதைப் பார்க்க முடியாமல் ஒருநாள் ஜன்னலைத் திறந்தேன். கடல் காற்று வந்ததும் அப்படியே தூங்கிவிட்டாள். அப்புறம் தினமும் திறந்தேன். நாத்தனார் வருவதற்குள் மூடிவிடுவேன். போர்வை அந்தப் பெட்டி மேலேயே இருந்தாலும் காற்றில் விலகிக்கிடக்கும். அதையும் சரியாக இழுத்துவிடுவேன். மூன்று வாரம் இப்படியே போனது.

பிரம்மதேசத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குத் திருவிழாவுக்காக அவள் மூன்று நாள் போயிருந்தாள். அப்போது ஒரு ஃபாரம் நிரப்பலாம் என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். ஆன் ஆகவில்லை. கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கைக்குத் தெரிந்துவிடும், ஜன்னல் விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஒரு பயம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கடற்கரைச் சாலையில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கூனிமேட்டைச் சேர்ந்த பாய். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். மதர்போர்டு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"என்னாம்மா இது, போர்டுலயே உப்பு விளைய வெச்சிட்டீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாடல் போர்டு பழையது ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வித்தியாசமே தெரியாது, ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும் என்று அவர் சொன்னதும்தான் மூச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். உப்புக் காற்றில் புது போர்டும் நிற்காது என்பதால் பலரும் பழைய போர்டைத்தான் மாற்றிக்கொள்வார்கள். அன்று மாலைக்குள் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. போர்வையைப் போட்டு மூடினேன். ஜன்னலையும் மூடினேன்.

நாத்தனார் திரும்பி வந்த அன்று, விண்டோஸ் எதற்கோ மறுபடி ஆக்டிவேட் பண்ணச் சொல்கிறதே என்று கேட்டாள். அப்டேட் ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் விளையாடிக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று நின்றது. போய்ப் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு. ஏமாற்று வேலைக்காக இந்தக் கம்ப்யூட்டர் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது, இதில் பயன்படுத்திய கணக்கும் முடக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. "நான் ஒண்ணும் பண்ணல அண்ணி" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

வேறு பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது. விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அப்போதும் அதே சிவப்பு எழுத்து. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க கேமோடு வரும் காவல் சாஃப்ட்வேர் பெயரைப் பார்ப்பதோடு நிற்பதில்லையாம். உள்ளே இருக்கும் போர்டு, டிஸ்க், நெட்வொர்க் சிப் ஆகியவற்றில் கம்பெனியிலேயே பதித்த எண்களைப் படித்து வைத்துக்கொள்ளுமாம். ஒருமுறை பிடிபட்ட மெஷினில் யார் எந்தப் பெயரில் வந்தாலும் வெளியே தள்ளிவிடுமாம். அவள் இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அதற்குள் அணித் தலைவி ஃபோன் பண்ணி என்ன செய்தாய் என்று கேட்டுவிட்டாள். அவர்களுடைய குரூப்பில் யாரோ 'சீட்டர்' என்று போட்டிருந்தார்கள். தேர்வுப் போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

நான் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். எதுவானாலும் விசாரித்துத்தான் முடிவு செய்வேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஃபோனில் தேடிப் படித்தேன். இந்த மாதிரி தடை சும்மா வராது, தப்பு செய்தவர்கள்தான் வந்து அழுவார்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் ஏதாச்சும் சாஃப்ட்வேர் கொடுத்து, அதப் போட்டுப் பாத்தியா? சொல்லிடு. உங்க அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போய்ப் போர்வையை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடினாள்.

மறுநாள் காலையில் என் கணவரிடம் விஷயத்தைப் பாதியாகச் சொன்னேன். அவர் டூ வீலர் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், இது எங்க தொழில் மாதிரிதான் என்றார். நம்பர் பிளேட்டை மாற்றலாம், சேசிஸ் நம்பரை மாற்ற முடியாது. "செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா, முன்னாடி ஓட்டினவன் கேசும் சேந்துதான் வரும். நான் ஒருதரம் மாட்டினேனே, ஞாபகம் இல்ல?" என்று சிரித்தார்.

நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. தோசை கருகியதைக்கூட அவர்தான் சொன்னார்.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல பாயின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. புதுச்சேரியில் பசங்க காசு கொடுத்து கேம் விளையாடும் சென்டர் ஒன்றை மூடினபோது, அங்கிருந்த பழைய பெட்டிகளை வாங்கி வந்தாராம். அந்த போர்டு அதில் ஒன்று. யாரோ ஏமாற்றி விளையாடிப் பிடிபட்ட போர்டாக இருக்கும், இப்படி ஒன்று போர்டோடு வரும் என்று தனக்குத் தெரியாது என்றார். உடனே எழுந்து பழைய சாமான் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். நல்லவேளை, எங்கள் பூத்துப்போன போர்டு அதிலேயே கிடந்தது. அதன் எண், மாற்றிய போர்டின் எண், மாற்றிய தேதி எல்லாவற்றையும் கடை லெட்டர் பேடில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேம் கம்பெனிக்காரர்கள் கேட்டால் பேசுவதாகத் தன் நம்பரையும் எழுதினார்.

அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "அந்தப் பொண்ணு என்னா சொல்லுது? அதுகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

நான் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. பழைய போர்டை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

அந்தக் காகிதம் கையில் இருந்தும்கூட, வழியெல்லாம் என் பெயர் வராமல் இதை எப்படிச் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். கரண்ட் ஏறி இறங்கியதால் போனது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் கல்லூரிக்குப் போகாமல் படுத்திருந்தாள். அவள் முன்னால் செய்தித்தாளைப் பிரித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், போர்வை, ஷேர் ஆட்டோ, அப்டேட் என்று சொன்ன பொய் எதையும் விடவில்லை.

அவள் அந்த போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொழந்தைக்கு வேர்த்தா ஜன்னலத் தொறக்கத்தான் வேணும் அண்ணி. அது பரவால்ல. ஆனா நேத்து என்கிட்ட வந்து கேட்டீங்களே..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மீதியை அவள் இன்றுவரை சொல்லவில்லை.

நானே அணித் தலைவியிடம் பேசுகிறேன் என்றேன். என்னைவிடப் பல வயது சின்னப் பெண். நான் சொல்லி முடித்ததும், "அக்கா, மாட்டினவங்க எல்லாரும் இப்படித்தான் தம்பி பண்ணான், மாமா பண்ணார்னு ஆள் கூட்டிட்டு வருவாங்க. அண்ணி வர்றது இதான் ஃபர்ஸ்ட்" என்றாள். உண்மையைச் சொல்லும்போதே அது பொய் மாதிரி என் காதிலேயே கேட்டது. முந்தின நாள் நாத்தனாருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும். போர்டையும் பாய் எழுதிக் கொடுத்ததையும் ஜன்னலையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினோம்.

கேம் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியது நான்தான். எங்கள் ஊர்க் காற்றிலிருந்து குழந்தையின் வேர்க்குரு வரை எழுதினேன். அதைப் படித்துவிட்டு நாத்தனார், "கம்பெனிக்காரனுக்கு எதுக்கு அண்ணி வேர்க்குரு? நம்பர மட்டும் எழுதுங்க" என்றாள். இரண்டு நாளில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். வேர்க்குரு வரியை அவள் அழித்தாள். அனுப்புவதற்கு முன் நான் அதை மறுபடி சேர்த்துவிட்டேன். அதை விட்டுவிட்டால் ஜன்னலை ஏன் திறந்தேன் என்பது யாருக்கும் புரியாது என்று தோன்றியது.

முதலில் வந்த பதில் மெஷின் எழுதினது போல இருந்தது. முடிவில் மாற்றம் இல்லை என்றது. எல்லா ஃபோட்டோவையும் இணைத்து மறுபடி எழுதினோம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அவள் இடத்தில் வேறொரு பெண் விளையாடினாள். என் நாத்தனார் அந்த மேட்ச்சை ஃபோனில் பார்த்தாள். நல்லா ஆடுறா, நல்லா ஆடுறா என்று அந்தப் பெண்ணைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவள் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை, தடையை நீக்கிவிட்டோம், ஆனால் அந்த போர்டின் தடையை எடுக்க முடியாது, போர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது. குழந்தைக்கு இப்போது வேர்க்குரு சரியாகியிருக்கும் என்று நம்புகிறோம் என்று. யார் எழுதினார்களோ, எந்த ஊரோ. நாத்தனார் அந்த வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

பாய் வேறொரு போர்டைப் போட்டார். இந்தத் தடவை கடையிலேயே அந்த கேமை ஏற்றி, நாத்தனாரை ஒரு ஆட்டம் விளையாடவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைப் பூட்டினார். தடையான போர்டு இன்னொரு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று அதன் மேல் மார்க்கரால் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டு வைத்தார். அணித் தலைவி குரூப்பில் நடந்ததை எழுதினாள். நாத்தனாருக்கு மறுபடி மாற்று ஆள் இடம்தான் கிடைத்தது. அந்த ஐவரில் இன்னும் இடம் வரவில்லை. கம்ப்யூட்டரை முன் அறைக்கு மாற்றி, அதற்கென்று ஒரு பிளக் பாயின்ட் வைத்தாயிற்று. பின்பக்க ஜன்னல் இப்போது மதியம் திறந்தே இருக்கிறது.

அந்தக் காவல் சாஃப்ட்வேருக்குப் படிக்கக் கிடைத்தது ஒரு எண் மட்டும்தான். அதை வைத்துத் தப்பாக முடிவு செய்தது. நான் ஐந்து வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள், எனக்கு அந்தச் சாக்கு இல்லை. என் மகளுக்கு இப்போது நாலு வயது ஆகப்போகிறது. தண்ணீர் கொட்டிக்கிடந்தாலோ, பொருள் உடைந்து கிடந்தாலோ 'நீதானே' என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, நான் எந்த ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்று முதலில் பார்த்துவிட்டு வருகிறேன்.