மாமாவைத் தேடி வந்தவர்

எங்கள் மாமா நெருப்பைத் தின்னாத குறைதான். கொதிக்கிற கேத்தலை வெறுங்கையால் இறக்கி வைப்பார். அடுப்பிலிருந்து தணலை இரண்டு விரலால் எடுத்துச் சுருட்டைப் பற்றவைத்துவிட்டு, வாய் பிளந்து நிற்கும் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். மண்டூரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படியொரு மாமா இல்லை என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. அம்மா கண்டால் மட்டும் அகப்பையோடு துரத்துவாள். தம்பியின் புகழ் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவுக்குத் தொழுநோய். விரல்களில் உணர்ச்சி செத்துக்கொண்டு வந்தது. வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். அந்த நோயின் பெயரை வீட்டுக்குள்கூட யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சுனாமி எங்கள் கடற்கரை வீட்டையும் அப்பாவையும் கொண்டுபோன பிறகு, கொஞ்சக் காலம் முகாமில் இருந்துவிட்டு மாமாவிடம் வந்து ஒட்டிக்கொண்டோம். அவர் வாவியில் வலை வீசிக் கொண்டுவருவதில்தான் எங்கள் நான்கு பேருக்கும் உலை கொதித்தது. மாதத்தில் ஒரு நாள், வலைக்கு நூல் வாங்கப் போவதாகச் சொல்லி டவுனுக்குப் போவார். நூல் வந்து நான் கண்டதில்லை.

ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். சின்னப் பிள்ளையோடு வருகிற ஆம்பிளையை, வழியில் மறித்துச் சோதிக்கிற ஆமி அதிகம் நோண்டாது என்பது அம்மாவின் யோசனை. எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். பாதை ஏறி, பஸ் பிடித்து டவுனில் இறங்கியதும், மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு கட்டடத்துக்குள் சட்டென்று நுழைந்தார். அதுதான் தோல் கிளினிக். வரிசையாகப் போட்ட வாங்குகளில் இருந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் அப்பம் சுட்டு விற்கிற மாமியும் அங்கே இருந்தாள். எங்களைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். மாமா சுவரைப் பார்த்தார். நான் மாமியைக் கூப்பிடப் போக, அவர் என் கையை நசித்தார்.

உள்ளே சுவரில் வாவியின் பெரிய வரைபடம். ஊருக்கு ஊர் சிவப்புக் குண்டூசிகள். இதே மாதிரி ஒன்றை நான் முன்பு கடற்கரையில் இருந்தபோது ஆமி முகாமின் சுவரில் கண்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர், வீட்டில் எத்தனை பேர், ஒரே அறையில் யார் யார் படுக்கிறது, சுனாமிக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் யார், எந்த முகாமில் இருந்தவர்கள் என்று மாமாவிடம் துருவித் துருவிக் கேட்டார். நோய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் சுற்றிவளைப்பில் ஆமி கேட்கிற கேள்விகளும் அவைதானே. பிறகு என் சட்டையை உயர்த்தி முதுகைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் கையில் தொட்டார். ஆமியும் உடம்பில் தழும்பு தேடுகிறதுதான். நான் அழத் தொடங்கவும், என்னைத் தூக்கி வரைபடத்தில் மண்டூரைக் காட்டினார். எங்கள் ஊரிலும் ஊசி குத்தியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இவர் ஆமியின் ஆள்.

அதன் பிறகு ஆமி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. பாதையில் வைத்து இளந்தாரிகளை இறக்கிக்கொண்டு போனார்கள். மாமா டவுனுக்குப் போவதை நிறுத்தினார். யார் வந்து கேட்டாலும் மாமா வெளிநாடு போய்விட்டார் என்று சொல்ல அம்மா எனக்குப் பழக்கினாள். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை, சுற்றிவளைப்பு என்று கதை வந்து மாமா வாவிக்கரைக் கண்ணாமரப் பற்றைக்குள் போய் ஒளிந்துவிட்டார். அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வாசல் படலையில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால், அதே கண்ணாடிக்காரர். மாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அவர் வெளிநாடு போயித்தார்," என்றேன்.

எப்போது போனார், வீட்டில் மற்ற ஆட்கள் எங்கே என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை, அழுகை தன்பாட்டில் வந்தது. அவர் தோளில் தொங்கிய பையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"ஆள் வந்தா ஒருக்கா டவுனுக்கு வரச் சொல்லுங்க மகள். பயப்பட ஒண்டும் இல்ல."

ஆட்களைப் பிடித்துப் போனவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் எல்லாரும் வந்த பிறகு, நடந்ததைச் சந்தோசத்தில் துள்ளித் துள்ளிச் சொன்னேன். அம்மா, அந்த மனிசன் வந்ததைப் பக்கத்து வீட்டார் கண்டார்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் மூச்சு விட்டாள். காட்டிக்கொடுப்பார்கள் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். மாமா வேறொன்று கேட்டார்.

"பை ஒண்டு வெச்சிருந்தாரா? என்ன நிறம்?"

பச்சை என்றேன். அவர் தலையை ஆட்டி, கெட்டிக்காரி என்று என் உச்சியைத் தடவினார். அன்றைக்கு இறால் பொரியலில் அவருடைய பங்கும் எனக்குத்தான் கிடைத்தது. அடுத்த கிழமை அப்பக்கார மாமி ஊரை விட்டே போனாள்.

போர் முடிந்து, பாதையில் சனம் பயமில்லாமல் ஏறத் தொடங்கிய பிறகுதான் மாமா மறுபடி கிளினிக்குக்குப் போனார். துணைக்கு நான் போனேன், அப்போது வளர்ந்திருந்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி, வலையை விரித்து வீச அவரால் முடியாமல் போயிருந்தது. கண்ணாடிக்காரருக்கு நரைத்திருந்தது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்து நோயை மாற்றும், விரலை இனி நிமிர்த்தாது என்றார்.

"வீடு தேடி வந்தனான். வெளிநாடு போயித்தார் எண்டு ஒரு பிள்ளை சொல்லிச்சு."

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது அடுத்த வீட்டுப் பிள்ளை ஐயா. சின்னன். அதுக்கு என்ன தெரியும்?"

அந்தப் பிள்ளை நான்தான். கிளினிக்குக்கு வருகிற எல்லாரையும் போல நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அலுமாரியைத் திறந்து, அதே பச்சைப் பையிலிருந்து மருந்து அட்டைகளை எடுத்து மாமாவின் மடங்கிய கையில் வைத்தார்.

மாமா பஸ்ஸில்தான் சொன்னார். பாதையில் போகப் பயந்து, மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அப்பக்கார மாமியிடம் கிளினிக்குக்குச் சொல்லி அனுப்பியது அவர்தானாம். அவளும் போன பிறகு சொல்லி அனுப்ப ஆளில்லை. இதையும் ஒரு பகிடி போலத்தான் சொன்னார். பச்சைப் பை என்று நான் சொன்ன அந்தப் பின்னேரம் அவர் ஏன் இறாலில் கை வைக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. எனக்காக விட்டுத்தந்தார் என்றுதான் நினைத்தேன்.