கருமந்திக்குப் படைத்த பாயசம்

கொல்லம் ஆண்டு 1112, கர்க்கடகம். நம் பஞ்சாங்கப்படி ஈசுவர வருஷம், ஆடி. திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரகாரத்தில் குடியிருந்தோம். கர்க்கடகம் இங்கே மருந்து சாப்பிடும் மாதம். கருமந்தி என்கிற கருங்குரங்கின் மாமிசத்தில் லேகியம் கிண்டும் வைத்தியர்கள் அப்போது இருந்தார்கள். அப்படி ஒருவரிடம் கொடுப்பதற்காக, மலையில் பிடித்த கருமந்தி ஒன்றைக் கூடையில் வைத்து ஒருவன் எங்கள் தெரு வழியே கொண்டுபோனான்.

எதிர்வீட்டு மாமி வழிமறித்தாள். "ஆஞ்சநேயரையா அடுப்பில வைக்கப் போறாய்?" தெருவே கூடிவிட்டது. அவன் கேட்டதைக் கொடுத்து மீட்டு, மாமி வீட்டுக் கொல்லையில் நீளக் கயிற்றில் கட்டினோம்.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. வடை, சர்க்கரைப் பொங்கல், வெல்ல அவல், கனிந்த பூவன்பழம் என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் படைத்தார்கள். அதுவும் ஆசையாகத் தின்றது. சில நாளில் வயிறு மத்தளமாக உப்பி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டது. மாமி பதறிப்போய்ப் பால்பாயசம் வைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்ன அபசாரமோ என்று அவளும் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"நீ பட்டினி கிடந்தா அதுக்கு ஜீரணமாயிடுமாக்கும்!" என்று அவள் அகத்து மாமா சீண்டினார். சொல்லிவிட்டு அவரும் கொல்லைப்பக்கமே எட்டிப் பார்த்தார்.

கட்டுண்டபடி சாகவேண்டாம் என்று மாமி கயிற்றை அவிழ்த்தாள். அது ஓடவில்லை, ஓட முடியவில்லை. பழுத்துத் தொங்கிய வாழைக்குலையை மோந்துகூடப் பார்க்காமல் மெல்ல நகர்ந்து, மதிலோரப் புளியமரத்தில் ஏறியது. முற்றிய இலையை ஒதுக்கிக் கொழுந்தை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்றது. பக்கத்துப் பூவரசில் இலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் காம்பை மென்றது. பிறகு இறங்கிவந்து மண்சுவரை நக்கியது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வயிறு தணிந்திருந்தது. கிண்ணத்தோடு வந்தவர்களை மாமி வாசலிலேயே திருப்பினாள்.

"நைவேத்தியத்தையா வேண்டாங்கறேள்?" என்று ஒரு அம்மாள் கோபித்தாள்.

"உங்க புண்ணியத்துக்கு அதோட வயிறா கெடணும்? புளியங்கொழுந்து பறிச்சுண்டு வாங்கோ!"

நன்றாகத் தேறியதும் மாமாவும் நானும் வண்டி வைத்து அதைப் போனக்காட்டு மலைக்குக் கொண்டுபோய் விட்டோம். அங்கே ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. பழுத்த அத்தி பக்கத்தில் இருக்க, அவை வேறொரு மரத்தில் இளந்தளிர் தேடிக்கொண்டிருந்தன. கருமந்தியின் இரைப்பை மாட்டின் இரைப்பைபோல் அறைகள் கொண்டது, இலை புளித்து அங்கே சத்தாகிறது, இனிப்பு மிஞ்சினால் பொங்கிக் கெடுக்கிறது என்றெல்லாம் பிற்பாடுதான் படித்தேன்.

இன்றும் பந்தியில் யாராவது இலையைக் கையால் மறைத்துப் போதும் என்றால் நான் இரண்டாம் முறை கேட்பதில்லை. உபசாரம் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் குறைப்படுகிறார்கள், படட்டும் என்று விட்டுவிடுகிறேன்.