ஆறு வண்டிகளுக்கும் பொட்டு

எங்கள் வீட்டில் வண்டி இருக்கிறது. ஆனால் அது வீட்டு வண்டி இல்லை, என் கணவருடைய வண்டி. கல்யாணமான நாளிலிருந்து அதன் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து கோயிலுக்கும் விசேஷ வீடுகளுக்கும் போயிருக்கிறேன். வேலைக்கு மட்டும் ஒரு நாள்கூடப் போனதில்லை. நாங்கள் இருப்பது சமயநல்லூரில். அவருக்கு வேலை வாடிப்பட்டிப் பக்கம், எனக்கு மதுரைக்குள்.

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. சர்க்கரைக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து காத்திருப்பார்கள் என்பதால் காலை ஆறரைக்கு ஊசியும் கையுமாக இருந்தாக வேண்டும். முதல் பஸ் என்னை ஆறு மணிக்கெல்லாம் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். வில்லங்கமே அதற்கப்புறம்தான். டவுன் பஸ் நினைத்தால் வரும். ஷேர் ஆட்டோ மூச்சு முட்ட ஆள் ஏற்றாமல் நகராது. தனி ஆட்டோ என்றால் அன்றைய சம்பளத்தில் பாதியை ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமானது. மூன்றாவது நாள் டாக்டர், நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்: "இன்னொரு நாள் லேட்டா வந்தா, வராதம்மா. வேற ஆளப் பாத்துக்கிறேன்." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டில் சொன்னால் இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "முடியலைன்னா விட்டுட்டு வீட்ல இரு. யாரு உன்னைய ஓடச் சொன்னா?" என்றார். ஒருத்தரும் சொல்லவில்லைதான். நானாகப் படித்து, நானாகத் தேடிய வேலை. அதை விடுவதாவது.

அந்த வாரம்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஆறு ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். பேட்டரி வண்டிகள், வாடகைக்கு. முன்பக்கம் ஹேண்டிலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர், அதில் கறுப்புக் கட்டம். மளிகைக் கடையில் காசு அனுப்பக் காட்டுவார்களே, அதே மாதிரி. போனில் அந்தக் கட்டத்தைப் பிடித்தால் பூட்டு திறக்கும். போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. மெதுவாகத்தான் போகும், லைசென்ஸும் கேட்பதில்லை.

முதல் நாள் ஓட்டியபோது ஆட்டோ ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. அங்கே வரிசையில் முதலாவதாக நிற்கும் ஆட்டோக்கார அண்ணன், "தங்கச்சி, கோரிப்பாளையம் சிக்னல்ல கீழ விழுந்தா எனக்குப் போன் போடு, வந்து அள்ளிக்கிட்டு வாரேன்" என்றார். "விழுந்தா பாத்துக்குவம்ணே" என்று கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை ப்ளஸ் டூ முடியும் வரை ஓட்டியவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் அதை விற்றுவிட்டார்கள். ஆனால் கை மறக்கவில்லை. வைகைப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் போன பால்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

அதன்பிறகு ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை. ஆறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் கால் வைக்கிற இடத்தில் கீறல் விழுந்த ஒன்று என் வண்டி என்று ஆகிப்போனது.

ஆயுத பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் இவர் தன் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, சந்தனம், குங்குமம், மாலை என்று சம்பந்தி வீட்டாரைப் போல கவனித்துக்கொண்டிருந்தார். "என் வண்டிக்கு?" என்றேன்.

"உனக்கு ஏது வண்டி?"

"தெனமும் ஓட்டுறேன்ல."

"அது வாடகை வண்டி. இன்னைக்கு நீ ஓட்டுவ, நாளைக்கு எவனோ ஓட்டுவான். அதுக்குப் போயி யாராச்சும் பூச போடுவாங்களா?"

போடுவார்கள் என்று காட்டாமல் விடுவேனா. மறுநாள் விடியற்காலை டிபன் டப்பாவில் குழைத்த சந்தனமும் குங்குமமும், பையில் ஆறு துண்டு கதம்பமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆயுத பூசை என்பதற்காகச் சர்க்கரை லீவு எடுக்காது. அன்று கிளினிக்கில் மற்ற இருவரும் விடுப்பு, நான் ஒருத்திதான் ரத்தம் எடுக்க.

ஆரப்பாளையத்தில் ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் ஆறு வண்டிகளுக்கும் ஹேண்டிலில் பூ சுற்றினேன். பொட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. முன்பக்கம் நெற்றி மாதிரி வெள்ளையாக ஓர் இடம் இருக்கிறதே. மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். ஆறுக்கும். அம்புட்டு லட்சணமாக இருந்தது. ஆட்டோ அண்ணன் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார், என் வண்டியின் சக்கரத்துக்கடியில் வைத்தேன்.

பிறகு போனை எடுத்துக் கட்டத்தைப் பிடித்தேன். கட்டம் எங்கே இருக்கிறது? சந்தனம்தான் இருக்கிறது.

முந்தானையால் துடைத்தேன். குங்குமம் சந்தனத்தோடு சேர்ந்து ஸ்டிக்கர் முழுக்க அப்பிக்கொண்டது. கட்டம் தெரியாவிட்டால் போனில் தட்டித் திறக்கக் கீழே போட்டிருந்த வண்டி நம்பரும் சேர்ந்து போனது. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி, எதுவும் திறக்கவில்லை.

ஆட்டோ அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏந்தங்கச்சி, நெத்தியில வைக்கிற பொட்டக் கண்ணுலயா வைப்பாக? சரி ஏறு, நான் கொண்டுபோயி விடுறேன். காசு ஒன்னும் வேணாம்."

மணி ஆறு பதினைந்து. ஏறியிருக்கலாம். புத்தியுள்ளவள் ஏறியிருப்பாள். ஆனால் அவர் வண்டிக்கு இன்னும் பூசை முடியவில்லை, பூசைக்கு முன்னால் வண்டி எடுக்கிற வழக்கமில்லை, எனக்காக அவர் அதை மீற வேண்டாம். அதைவிட எனக்கு வீம்பு. "இதுலதாண்ணே போவேன்" என்றேன்.

அப்போதுதான் கைப்பையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊசி குத்துமுன் கையைத் துடைக்கிற அதே பஞ்சு. என் வண்டியை நாலு தடவை துடைத்ததும் கட்டம் தெளிந்து, பூட்டு திறந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் பெட்ரோல் பங்க் சீருடையில் ஒரு பெண், பக்கத்து வண்டிக்கு முன்னால் போனை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னக்கா, திறக்க மாட்டேங்குது? ஆறரைக்கு ஷிப்ட், இன்னைக்கும் லேட்டானா திட்டுவாங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய என் முகம். இறங்கிவிட்டேன். அவள் வண்டியைத் துடைத்தேன். அவள் போன பிறகு மற்ற நாலையும் துடைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்கும் எங்கேயோ ஓர் ஆறரை மணி இருக்கும்தானே.

கிளினிக்குக்குப் போனபோது ஆறு ஐம்பது. பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டரே ஊசியைக் கையில் எடுத்திருந்தார். எதிரே ஒரு பெரியவர், கையில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டி. இரண்டு இடத்திலும் நரம்பு கிடைக்கவில்லை.

"மணி பாத்தியா? நான் என்ன சொல்லியிருந்தேன்?" என்றார் டாக்டர்.

பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னேன்: "லேட்டா வந்தா வராதன்னு சொன்னீங்க சார். எனக்கு முன்னாடி இங்க ரெண்டு பேரு வேலைய விட்டுட்டுப் போயிருக்காங்க. வேல தெரியாமப் போகல. நேரத்துக்கு வந்து சேர வழியில்லாமப் போனாங்க. நான் வழியக் கண்டுபிடிச்சு மூனு மாசமா வாரேன். இன்னைக்குத் தப்பு என்னோடதுதான், வண்டிக்கு வைக்கக் கூடாத எடத்துல பொட்டு வச்சுட்டேன். அதுக்காக நானாப் போக மாட்டேன். நீங்க வேணும்னா இவுங்க முன்னாடி என்னையப் போகச் சொல்லுங்க."

பெரியவர் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டி என் பக்கம் நீட்டினார். "டாக்டரு, சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. அந்தப் புள்ள எடுக்கட்டும். பசியில கிறுகிறுன்னு வருது."

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு நகர்ந்தார். கையைக் கழுவி, உறை மாட்டி, முதல் குத்திலேயே எடுத்தேன். போகச் சொல்லி அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தபோது இவர் வண்டி மாலையும் கழுத்துமாக வாசலில் நின்றது. "பூச போட்டியாக்கும்?" என்றார். "ஆறுக்கும் போட்டேன்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் தீபாவளி வரை சிரிப்பார்.

அடுத்த மாதம் ஆறு வண்டிகளிலும் ஸ்டிக்கரை மாற்றியிருந்தார்கள். கட்டத்தின் மேல் கெட்டியாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே, பளிச்சென்று தமிழில், 'இங்கே பொட்டு வைக்காதீர்கள்' என்று ஒரு வரி. உனக்கு ஏது வண்டி என்று கேட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்துக்குக் கூட்டிப்போய் அதைப் படிக்க வைத்தேன். "எந்தக் கிறுக்குடி வச்சது?" என்றார்.

"நான்தான்" என்று சொல்லிப் பூட்டைத் திறந்து, பின் சீட்டைத் தட்டிக் காட்டினேன். "ஏறுங்க."