ஜின்-சுவான் மாமாவின் கிட்னி வேலைக்குச் சேர்ந்த நாள்

ஜியாயி ஊரில் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் ஜின்-சுவான் மாமாவுக்கு உலகத்தில் இரண்டே கோளாறுதான்: துருப் பிடித்தது, துருப் பிடிக்கப்போவது. அவர் மனைவி யுயே-ஷியா அத்தை ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுப்பதென்று மாமா முடிவு செய்ததும் டாக்டர் காவ்விடம் கேட்ட முதல் கேள்வி, "அது துருப் பிடிக்குமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் கூடப் போயிருந்த எங்களைப் பயமுறுத்திவிட்டது.

"கிட்டத்தட்ட அப்படித்தான். வெளிய எடுத்த கிட்னி ரத்தம் இல்லாம ஐஸ்ல இருக்கும். அவங்க உடம்புல இணைச்சதும் ரத்தம் திமுதிமுன்னு பாயும். கூடவே ஆக்சிஜன். அதுல கொஞ்சம் கெட்டுப்போய் நெருப்புப் பொறி மாதிரி செல்லைப் பொசுக்கும். ரொம்பப் பொசுக்கிட்டா கிட்னி சட்டுனு வேலைக்கு வராது."

மாமா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரேடியோல சொன்னாங்க. துருவை அடக்குற என்சைம் தூளாம். இதையும் உள்ள வச்சுத் தைச்சிடுங்க."

"உள்ள வச்சுத் தைக்கக் கூடாது. குடிச்சாலும் டோஃபு மாதிரி செரிச்சுப் போகும். இதுல வேற என்ன கலந்திருக்கோ! குப்பையில போடுங்கய்யா. அந்த மாதிரி ரெண்டு என்சைம் உங்க கிட்னிக்குள்ளேயே இருக்கு. ஒண்ணு பொறியைப் பிடிச்சுப் பெராக்சைடா மாத்தும். புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதுதான். அதுவும் கெடுதல். உடனே இன்னொண்ணு வந்து அதைத் தண்ணியாக்கிடும்."

"சம்பளம் யாரு குடுக்குறா?"

"யாரும் குடுக்கல. நீங்க பிறந்ததுலேர்ந்து சும்மா உழைக்குது."

அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரம் டயர் மாற்ற வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துத் தன் வயிற்றுக்குள் இருக்கும் காவல்காரர்களைப் பற்றி மாமா பேசினார். பங்க்சர் ஒட்ட வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி, ஒட்டாமலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆபரேஷன் காலையில் முடிந்தது. மத்தியானம் கண் விழித்த மாமா தன் தையலைப் பற்றிக் கேட்கவில்லை. "அவளுக்கு மூத்திரம் வந்துச்சா?" என்றார். ஒரு தளம் மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அத்தையின் மூத்திரப் பையில், மாமாவின் வார்டு நர்ஸ் சாய் சொன்னபடி, ஒரு ஸ்பூன் அளவுதான் இருந்தது. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நகைச்சுவைக்கென்றே பிறந்த அந்த முகம் அப்படிச் சும்மா கிடந்ததை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதனால் மூன்று மணிக்கு ஒரு பெட்டி அன்னாசி கேக்கோடு போனேன். எங்கள் பேச்சில் அன்னாசி என்றால் 'செழிப்பு கொட்டும்' என்றும் காதில் விழும். கடைக்காரர்கள் கல்லாப்பெட்டி மேல் வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் செழிப்பு என்றால் நோயாளிக் கூட்டம் என்பதால் நர்ஸ்கள் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

நர்ஸ் சாய் அலறினாள். "அடப்பாவி! என் ஷிஃப்ட்லயா? வெளிய கொண்டு போ! இன்னிக்கு ஆம்புலன்ஸ் வரிசையா வந்து நிக்கப் போகுது!"

"கொட்டட்டும்மா, கொட்டட்டும்! மாடியில ஒருத்திக்குத்தான் கொட்ட வேண்டியிருக்கு. பெட்டியை அங்க அனுப்பு," என்றார் மாமா. சிரித்ததில் தையல் இழுத்தது, திட்டிக்கொண்டே சிரித்தார்.

வார்டு வாசலிலேயே நர்ஸ்கள் கேக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு மேலே இருந்து ஃபோன் வந்தது. இரண்டு மணி நேரத்தில் அறுநூறு மில்லி. டாக்டர் காவ் தானே பையைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வெளுத்த மஞ்சள் நிறம், பாலில்லாத எங்கள் ஊர்த் தேநீர் மாதிரி.

மாமா ஃபோனை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை எண்ணினேன். எத்தனை என்று இப்போதும் தெரியாது.

பிறகு அத்தையை வீடியோவில் கூப்பிட்டார். அவள் முகம் இன்னும் வீங்கியிருந்தது. குரல் மட்டும் பழையபடி.

"என்னய்யா இது, நிக்காம ஓடுது?"

"என் கிட்னிடி. உழைப்பாளி."

"உங்ககிட்ட அம்பத்தி மூணு வருஷம் சோம்பேறியா இருந்துட்டு, என்கிட்ட வந்ததும் திருந்திடுச்சு பாருங்க!"

மாமா என் பக்கம் திரும்பி, "அந்தக் கேக்கை வாங்கிட்டு வா, கிட்னிக்குச் சம்பளம் குடுக்கணும்," என்றார்.