மூன்று தண்ணீரில் அலசிய சட்டை

முதல் தண்ணீர் வெந்நீர். சோப்புத்தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டுக் கசக்குவார். இரண்டாம் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு, சாயம் போகாமல் இருக்க. மூன்றாவதில் வாசனைத் திரவம் ஒரு மூடி. பிழிந்த துணியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக மாட்டார் அன்புக்கரசி. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் ஓயாத சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் வீடு அது. மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் மதியத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் கூடத்திலேயே கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, அடியில் காவல் உட்கார்ந்துவிடுவார். "தொவைக்காத துணில நான் கத்திரி வெக்க மாட்டேன். கொயந்தைங்க வாயில வெச்சிக் கடிக்கிற சாமான்பா இது" என்பார்.

சாமான் என்று அவர் சொல்வது கரடிப் பொம்மையை. ஐம்பத்து நான்கு வயதில் இந்த ஒரு வேலைக்காகவே தெருப் பிள்ளைகளிடம் 'கரடிம்மா' என்று பெயர் வாங்கியவர். பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி அளவு வைத்திருக்கிறார்: தலைக்கு இரண்டு, காதுக்கு நான்கு, வயிற்றுக்கு ஒன்று. காலால் மிதிக்கும் தையல் மெஷினில் உட்புறமாகத் தைத்து, முதுகில் விட்ட இடைவெளி வழியாகத் திருப்பி, தலையணைப் பஞ்சை மரக்கரண்டிக் காம்பால் மூக்கு நுனிவரை குத்தி அடைப்பார். கண் மட்டும் கடைசியில்தான். "கண்ணு வெச்சிட்டா அது நம்மளயே பாத்துகினு இருக்கும். அப்பறம் காது கோணலா இருந்தாக்கூடப் பிரிச்சித் தெக்க மனசு வராது." இதை அவர் விளையாட்டாகச் சொல்வதில்லை.

கரடி செய்யாத நேரத்தில் கை சும்மா இருக்குமா என்றால், இருக்காது. வயர் கூடை, பாசிமணித் தோரணம், குரோஷா விரிப்பு. மிக்ஸிக்கு உறை, தொலைக்காட்சிக்கு முக்காடு, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த பாவாடை. அந்த வீட்டில் துணி உடுத்தாமல் நிற்பது மின்விசிறி ஒன்றுதான். "நானு ஒரு நாள் அசந்து தூங்குனா எனக்கும் ஒரு குல்லா மாட்டிடுவா" என்கிறார் கணவர் பகலவன், வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பகலவனுக்கு வீட்டில் இன்னொரு பொறுப்பும் உண்டு. அவர்தான் அந்த வீட்டின் மூக்கு. கொரோனா இரண்டாம் அலையில் படுத்து எழுந்த அன்புக்கரசிக்கு நாக்கு பாதி திரும்பி வந்தது, மூக்கு வரவேயில்லை. பால் திரிந்ததா, மீன் நேற்றையதா, அடுப்பில் தீய்கிறதா, எல்லாம் பகலவன் முகர்ந்துதான் சொல்ல வேண்டும். ஒருநாள் காற்றில் என்னவோ வாடை என்று தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, அன்புக்கரசி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கரடிக்குக் காது தைத்துக்கொண்டிருந்தாராம். "இந்த ஊர்ல மூக்கில்லாம இருக்கிறது குடுத்து வெச்ச வாழ்க்க" என்று தெரு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு போன ஆனி மாதம்வரை இருந்தது.

பின்தெரு மங்கையின் புருஷன் லட்சுமணன் டிரெய்லர் ஓட்டியவன். துறைமுக வாசலுக்கு வெளியே சரக்கு லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்குமே, அந்த வரிசையில் நின்ற வண்டிக்குள்ளேயே நெஞ்சடைத்துப் போய்விட்டான். முன்னால் வண்டிகள் நகர்ந்தும் இவன் நகரவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் வெகுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார்கள். முப்பத்திநாலு வயது. சங்கமித்ரா என்று ஐந்து வயதில் ஒரு பெண்.

அவன் போய் நாலு மாதம் கழித்து, அந்த ஆனியில், பகலவன் தம்பி வீட்டு விசேஷத்துக்கு மீஞ்சூர் போயிருந்த ஒரு நாளில், மங்கை ஒரு காக்கிச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். "மித்ரா இத்தக் கட்டிப் புடிச்சிகினுதான்க்கா தூங்குது. காலரச் சப்பிச் சப்பி நாராப் பூடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் போனா ஒண்ணும் மிஞ்சாது. கரடியா தெச்சிக் குடுத்தா கூடவே இருக்குமில்ல?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அழுக்கா கீது. ஒண்ணும் நெனச்சுக்காதக்கா" என்றாள்.

"அத்த நான் பாத்துக்கிறேன்டி, நீ போ" என்றார் அன்புக்கரசி.

பார்த்துக்கொண்டார். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார், கைமடிப்பில் இருந்த கிரீஸ் கறைக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். செத்துப்போன பிள்ளையின் சட்டை, பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் வாசனைத் திரவத்தை இரண்டு மூடியாக ஊற்றினார். மூன்று நாள் உட்கார்ந்து தைத்த கரடி அது. சட்டைப்பையை அப்படியே நெஞ்சில் வைத்து, சட்டைப் பித்தான்களிலேயே கண் வைத்தார். அவர் செய்ததிலேயே அழகான கரடி அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சங்கமித்ரா அதை வாங்கிக் கழுத்தில் முகம் புதைத்தாள். எடுத்தாள். அக்குளில் மோந்தாள், வயிற்றில் மோந்தாள், சட்டைப்பைக்குள் மூக்கை விட்டு மோந்தாள். வீட்டுக்குள் தொலைத்த ஒன்றை அறை அறையாகத் தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, "நைனா வாசன எங்கம்மா?" என்றாள்.

மங்கையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அன்புக்கரசிக்குப் புரிந்தது. அந்தச் சட்டை துவைக்க மறந்து கிடந்ததல்ல. துவைக்காமல் காப்பாற்றி வைத்திருந்தது.

"நாலு மாசமா அத்த ஒர்த்தரையும் தண்ணில போட வுடலக்கா நானு" என்றாள் மங்கை. "உங்கையில அழுக்குச் சட்டையக் குடுக்குறமேன்னு கூச்சமா இருந்துச்சு. அதான் வாயத் தொறந்து சொல்லல. உம்மேல தப்பு இல்லக்கா. எம்மேலதான்."

அவள் திட்டியிருக்கலாம். கரடியை மூஞ்சியில் விட்டெறிந்திருக்கலாம். தப்பை அவளே எடுத்துக்கொண்டு போனதுதான் அன்புக்கரசியை உட்கார வைத்துவிட்டது. அன்றிரவு பகலவனிடம், "நீ அன்னிக்கு வூட்ல இருந்திருந்தா சொல்லியிருப்ப இல்ல?" என்று கேட்டார். சொல்லியிருப்பார்தான். சட்டை உள்ளே வரும்போதே தெரிந்திருக்கும்.

சும்மா விட்டுவிட மனசு கேட்கவில்லை. அந்த வாசனை என்னவென்று மங்கையிடம் கேட்டார், சமையல் குறிப்புக் கேட்பதுபோல. டீசல், கிரீஸ், அவன் கழுத்தில் போடும் பவுடர், வேர்வை என்று அவள் சொன்னாள். சாலையோர லாரி பட்டறைக்குப் போய் மெக்கானிக் முபாஷிரிடம் கை துடைத்த பழந்துணி ஒன்று கேட்டார். "இன்னாத்துக்கும்மா இந்தக் கலீஜு?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மங்கை வீட்டிலிருந்து கரடியை வாங்கி வந்து முதுகைப் பிரித்து, அந்தத் துணியைப் பவுடரோடு உள்ளே வைத்துத் தைத்தார். பகலவனை மோந்து பார்க்கச் சொன்னார். "பட்டற மாரிதான் கீது" என்றார் அவர்.

சங்கமித்ரா மோந்துவிட்டு, "இது லாரி வாசன. நைனா வாசன இல்ல" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் தீர்க்கிறவள்போலக் கரடியை நீட்டி, "நீ மோந்து பாரு கரடிம்மா. கீதா?" என்றாள்.

அன்புக்கரசி வாங்கி முகத்தை அதில் வைத்து மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைகிற அளவுக்கு இழுத்தார். டீசலும் இல்லை, பவுடரும் இல்லை, சும்மா காற்றுதான் உள்ளே போனது. கீது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பிள்ளை நம்பியிருக்குமோ என்னவோ. "இல்லடா கண்ணு" என்றார்.

அந்தக் கரடி இப்போது மங்கை வீட்டில் அலமாரி மேல் இருக்கிறது. சங்கமித்ரா எதையும் கட்டிக்கொள்ளாமல் தூங்கப் பழகிவிட்டாளாம். நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் மங்கை சொன்னாள். அன்று முழுக்க அன்புக்கரசி சாப்பிடவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் மெஷின் பக்கமே போகவில்லை. வயர் கூடை பின்னினார், வாங்க ஆளில்லாத கூடைகளாகப் பின்னினார். பிறகு பள்ளிக்கூட விழாவுக்கு என்று யாரோ கெஞ்சிக் கேட்க, ஃபர் துணிக் கரடிகளை மறுபடி தொடங்கினார். மூன்று தண்ணீர் வழக்கம் மாறவில்லை. ஆனால் வருகிற துணியை வாங்குமுன், "யாரு துணி?" என்று ஒரு கேள்வி புதிதாக ஒட்டிக்கொண்டது.

போன வாரம் மளிகைக்கடை ராசையா வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். கையில் ஒரு கவர், அதற்குள் ஊதாச் சேலை. "எம் பொண்டாட்டி சுகிர்தத்தோட சேலைம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. போறதுக்கு முந்தின நாளு உடுத்தினது. மவ அனிஷா ஹாஸ்டலுக்குப் போறா, ஒரு கரடி தச்சுக் குடுத்தியன்னா கூட வச்சுக்கிடுவா" என்றார்.

"தொவச்சிட்டியாண்ணே?"

"இல்லம்மா. அப்படியே மடிச்சி வச்சிருந்தேன். அழுக்குதான். நீங்க தொவச்சிக்கிடுங்க."

அன்புக்கரசி சேலையை வெளியே எடுக்கவில்லை. மேலாக எட்டிப் பார்த்த முந்தானையை விரல் நுனியால் உள்ளே தள்ளினார். "இதுல வேணாண்ணே. வூட்ல தொவச்ச சேல வேற எதுனா இருந்தா எடுத்துனு வா. இத்தப் பீரோவுல வெச்சிப் பூட்டு. ஒர்த்தரும் தொடக் கூடாது" என்றார். ஏன் என்று விளங்காமல் ராசையா நின்றுகொண்டிருந்தார். அன்புக்கரசி கவரின் வாயைக் கூட்டிப் பிடித்து, இறுக முறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு, அவிழ்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்தார்.