ராசா இறங்கி வந்த பின்னேரம்

பசுபதி அண்ணை காலமான செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. இதே வேலணையில், இரண்டு வளவு தள்ளி உயிர் பிரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் அழைக்க வேண்டியிருந்தது. "ராசா போயிட்டாராம். உங்களுக்குத் தெரியாதோ?" என்றான். எங்கள் பக்கம் ராசா என்றால் அவர் ஒருவர்தான். ஊர்க் கூத்தில் தன் ஆயுளில் பாதிக் காலம் அரசன் வேடம் கட்டியவர்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கூத்தும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பறங்கிப் படை கடலில் நிற்கிறது. சமாதானம் பேசலாம் என்கிறான் மந்திரி. அரசன் மறுத்து, வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போருக்குக் கேட்கிறான். பிள்ளைகள் மடிகிறார்கள். கடைசியில் அரசன் தோணி ஏறித் தப்புகிறான். அவன் செய்தது சரியா பிழையா என்று வாசிகசாலையில் சண்டை பிடிக்காத ஆள் ஊரில் இல்லை. மேடையில் மட்டும் அந்தச் சண்டை கிடையாது. "பின்வாங்கும் வழக்கம் எம் குலத்தில் இல்லை" என்று அண்ணை காலை ஊன்றிச் சொன்னால் விசில் பறக்கும். தோணிக் காட்சி வரும்போது பாதிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

அண்ணைக்கு ஒரே மகன். நாட்டில் போர் நடந்த காலத்தில், ஒரு நாள் ஒத்திகை முடிந்து வந்தவரிடம், "அப்பா, நானும் சண்டைக்குப் போகட்டோ?" என்று கேட்டானாம். பின்வாங்கும் வழக்கம் இல்லை என்ற அந்த மேடை வசனத்தையே அண்ணை பதிலாகச் சொல்லியிருக்கிறார். பெடியன் போனான், திரும்பவில்லை. "வாயில வந்திட்டுது, தம்பி. தகப்பன் சொல்லுற வசனம் எனக்கு வரேல்லை" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். அவர் மனைவி கமலா அக்கா அதற்குப் பிறகு கூத்துப் பக்கம் வரவில்லை. வீட்டிலும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு பேச்சு முடிந்துவிடும்.

சண்டை ஓய்ந்து கூத்தை மறுபடி எடுத்தபோது, தாய் ஒருத்தி அரசனைக் கேள்வி கேட்கும் காட்சி ஒன்று வேண்டும் என்றார் அண்ணை. கூத்துக் குழுவின் செயலாளர் நான்; கூத்தைத் திருத்தி எழுதுவதும் நான்தான். "ராசாவை நிக்க வைச்சுக் கேள்வி கேட்டால் சனம் கோவிக்கும் அண்ணை. ஏலாது" என்றேன்.

"ஓம், நீர் எழுதுற ஆள். உமக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார். உறைத்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

இப்போதெல்லாம் கூத்து பின்னேரத்தோடு முடிகிறது. சனம் பஸ் பிடிக்க வேண்டும். கூத்து மறுபடி மேடையேறிய அன்று அண்ணை எப்படிக் கெஞ்சிக் கூட்டிவந்தாரோ தெரியாது, அக்கா முன்வரிசையில் பாய் போட்டு இருந்தார். தோணி ஏற வேண்டிய இடத்தில் அண்ணை ஏறவில்லை. கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனக் கதிரையில் வைத்துவிட்டு, இறங்கிப் போய் அக்காவின் முன்னால் நின்றார். மத்தளம் நின்றுவிட்டது. திரைக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் செய்தது சரியோ? சொல்லும்."

"உங்களுக்குத் தப்பி ஓடத் தோணி இருந்தது, ராசா. என்ர பிள்ளைக்கு இருந்ததோ?"

"இல்லை. பிழை என்ரதான்."

ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை. அக்கா "சரி, இருங்கோ" என்று பாயில் ஒதுங்கி இடம் விட்டார். அரச உடுப்போடு அண்ணை அதில் உட்கார்ந்தார். பிறகு அவர் வேடம் கட்டவே இல்லை.

செத்தவீட்டில் கிரீடத்தை அவர் தலைமாட்டில் வைப்பதென்று குழு தீர்மானித்தது. நான்தான் கொண்டுபோனேன். அக்கா கையால் மறித்தார். "அவர் சனத்துக்கு முன்னால கழட்டினவர். நீங்கள் திருப்பிக் கொண்டுவராதேங்கோ."

கிரீடம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அட்டை, தங்கத் தாள், உள்விளிம்பில் அவருடைய வியர்வைக் கறை. அடுத்த முறை யார் ராசா என்று குழுவில் கேட்கிறார்கள். யாரும் கட்டட்டும். அன்று மறுத்த காட்சியை நானே எழுதி முடித்துவிட்டேன். அக்கா சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.